கரடிக்கு என்ன வேலை?

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஒரே கேள்விதான். மகன் முதலாம் ஆண்டில் இருந்தபோது ஒரு நாள் வகுப்பில் வீட்டுப் பிராணிகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்தான். பசு பால் தரும், நாய் காவல் காக்கும், கோழி முட்டை இடும், எருது வண்டி இழுக்கும். எல்லாருக்கும் ஒரு வேலை. அன்று பின்னேரம் வேலிக் கதியாலில் ஏறி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஓணானைக் காட்டிக் கேட்டான்.

"அம்மா, உது என்ன வேலை செய்யுது?"

"அது சும்மா நிக்குது, அப்பன்."

"சும்மா ஒருத்தரும் இருக்கக் கூடாதெண்டு அம்மம்மா சொல்லுறவ."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஓணான் பூச்சி பிடிக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவனுக்கு அது போதவில்லை. பூச்சிக்கு என்ன வேலை என்று கேட்டான். அன்று தொடங்கியது. நரிக்கு என்ன வேலை, ஆந்தைக்கு என்ன வேலை, உடும்புக்கு என்ன வேலை. சோறு பிசையும்போதும் கேட்பான், நித்திரை கண்ணைச் சொருகும்போதும் கேட்பான்.

நாங்கள் இருப்பது வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அங்கால், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேரும் பக்கம். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை, பின்னால் வாழையும் தென்னம்பிள்ளையும், அதற்கு அங்கால் வயல், வயல் முடிந்ததும் ஒரு வெட்டை, வெட்டை முடிந்ததும் காடு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு. நான் பிறந்ததும் இதே ஊர்தான். இடையில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2010 இல் திரும்பி வந்தோம். வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அப்பாவின் மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை ஆளுயரத்துக்கு நின்றது. காடு மட்டும் போனபடியே நின்றது என்று அம்மா அடிக்கடி சொல்லுவா.

அந்தக் காட்டை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் வளர்ந்த காலத்தில் காட்டு உயிர்கள் எங்களுக்கு மூன்று வகை. பயப்பட வேண்டியவை, கலைக்க வேண்டியவை, கறியாக்கக் கூடியவை. அண்ணாமாருக்குக் கழுத்தில் எப்போதும் கெற்றப்போல் தொங்கும். புலுனி, புறா, காட்டுக்கோழி எல்லாம் விழும். நானும் சாப்பிட்டிருக்கிறேன். எந்தப் பறவை என்ன சாப்பிடுகிறது, எங்கே கூடு வைக்கிறது என்று நாங்கள் பார்த்தது அதை எப்படிப் பிடிக்கலாம் என்பதற்காகத்தான். மகனுடைய கேள்வி வேறு. அவன் ஒரு உயிரைக் கண்டால் அதன் கையில் என்ன பொறுப்பு இருக்கிறது என்று தேடுகிறான். அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே நான் நாற்பது வயதில் திரும்பவும் குனிந்து நிலத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் நல்ல பதில் சாணத்தில்தான் கிடைத்தது.

மாரி முடிந்த ஒரு காலை. பக்கத்து வீட்டு மாடு ஒழுங்கையில் போட்ட சாணத்துக்குப் பக்கத்தில் அவன் குப்புறப் படுத்துக் கிடந்தான். பாம்பு கடித்துவிட்டதோ என்று ஓடிப்போனேன். "சத்தம் போடாதேங்கோ, உருட்டுது" என்றான். ஒரு கறுத்த வண்டு. பீயுருட்டி வண்டு என்று நாங்கள் சின்ன வயதில் சொல்லிச் சிரிப்போம், அவ்வளவுதான். அதற்கு மேல் அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன்.

அது போளை அளவுக்கு ஒரு உருண்டை செய்திருந்தது. முன்கால்களை நிலத்தில் ஊன்றி, தலை கீழே, பின்கால்களை உருண்டையில் வைத்துப் பின்பக்கமாகத் தள்ளியது. போகும் திசையை அது பார்க்கவே இல்லை. ஆனாலும் நேராகப் போனது. ஒழுங்கையில் லாண்ட் மாஸ்டர் போன சில்லுத் தடம் ஒன்று காய்ந்து பள்ளமாகக் கிடந்தது. உருண்டை அதற்குள் விழுந்தது. வண்டு இறங்கி, மற்றப் பக்கம் ஏற்றியது. முக்கால்வாசி ஏறியதும் உருண்டை வழுக்கித் திரும்பக் கீழே வந்தது, வண்டும் சேர்ந்து உருண்டது. திரும்ப ஏற்றியது. ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ, மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், வண்டு இரண்டு விரற்கடை தள்ளிப்போய் சரிவு குறைந்த ஒரு இடத்தால் ஏற்றிவிட்டது. அதற்குப் பிறகு வேலியோரம் போய், உருண்டைக்குக் கீழே மண்ணைப் பறித்துப் பறித்து, உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நிலத்துக்குள் இறங்குவது போல இறங்கி மறைந்தது. பள்ளிக்கூடத்துக்கு அன்று பிந்திப் போனோம்.

இரவு தொலைபேசியில் இந்த வண்டைப் பற்றித் தேடி வாசித்து அவனுக்குச் சொன்னேன். உருண்டை அதற்கும் அதன் குஞ்சுக்கும் சாப்பாடு. நிலத்துக்குள் போகும் சாணம் மண்ணுக்கு எரு, வண்டு பறித்த துளையால் மழைத் தண்ணீர் இறங்கும், இலையான் பெருகச் சாணம் மேலே கிடக்காது. அவுஸ்திரேலியாவில் நடந்த கதை அவனுக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரர் அங்கே மாடுகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த நாட்டு வண்டுகள் கங்காரு போன்றவற்றின் உலர்ந்த எச்சத்துக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தை அவை பெரும்பாலும் தொடவில்லை. சாணம் மேய்ச்சல் தரையில் காய்ந்து மூடிக் கிடந்தது, இலையான் கூட்டம் கூட்டமாகப் பெருகியது. கடைசியில் ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் போர்னெமிசா என்ற ஆராய்ச்சியாளர் முன்னின்று, 1960களில் வேறு நாடுகளிலிருந்து சாண வண்டுகளைக் கொண்டுவந்து விடும் வேலையைத் தொடங்கினார்கள். "வண்டைக் கப்பலில ஏத்திக் கொண்டுபோனவையா?" என்று மகன் எத்தனையோ தரம் கேட்டுவிட்டான். எங்கள் ஒழுங்கையில் சும்மா கிடைக்கும் ஒன்றை ஒரு நாடே தேடிப்போனது என்பது அவனுக்குப் பெரிய பெருமை.

இன்னொன்றும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வாழும் ஒரு சாண வண்டு இரவில் பால்வீதியின் வெளிச்சத்தை வைத்து நேர்கோட்டில் போகிறது என்று 2013 இல் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். ஜொகன்னஸ்பேர்க்கில் உள்ள கோள்மண்டலத்துக்குள் வண்டுகளைக் கொண்டுபோய், செயற்கை வானத்துக்குக் கீழே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வானத்தைப் பார்க்க முடியாதபடி சில வண்டுகளுக்குச் சின்ன அட்டைத் தொப்பிகூடப் போட்டார்களாம். தொப்பி போட்டவை வழி தெரியாமல் சுற்றின. எங்கள் ஒழுங்கை வண்டு அந்த இனம் இல்லை, அது பகலில் உருட்டியது. அதையும் அவனுக்குச் சொன்னேன். இருந்தாலும் அன்று இரவு அவன் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து துளசி மாடத்தில் மோதினான். தெருவிளக்கு இல்லாத எங்கள் பக்கத்தில் பால்வீதி நல்லாகவே தெரியும்.

அதற்குப் பிறகு அவனுக்கு அம்மம்மாதான் பாதி ஆசிரியை. எனக்குத் தொலைபேசியில் தேடினால்தான் தெரிகிற விடயங்கள் பல அம்மாவுக்குத் தெரிந்தே இருந்தன. வேறு சொல்லில் சொல்லுவா, அவ்வளவுதான். கோயிலடியில் பழைய இலுப்பை ஒன்று நிற்கிறது. இரவில் வௌவால் வந்து பழத்தின் சதையைத் தின்றுவிட்டு விதையைப் போடும். தின்ற மரத்துக்குக் கீழே மட்டும் போடுவதில்லை, பழத்தைக் கவ்விக்கொண்டு போய் வேறு மரத்தில் தொங்கிச் சாப்பிட்டு அங்கேயும் போடும். காலையில் அம்மா கடகத்தோடு போய் விதை பொறுக்கி, காயவைத்து எண்ணெய்க்குக் கொடுப்பா. "வௌவாலுக்குப் பழம், சாமிக்கு விளக்கு" என்று அவனுக்குச் சொன்னா. ஊருக்குள் தனித்து முளைத்து நிற்கும் இலுப்பைகளைக் காட்டி, உதெல்லாம் வௌவால் வைத்ததுதான் என்றா. சாரைப்பாம்பை அடிக்கவே விடமாட்டா. நெல் மூட்டை இருக்கிற வீட்டுக்கு எலி வரும், எலி வருகிற வீட்டுக்குச் சாரை வரும், சாரையை அடித்தால் எலியோடு நீங்களே குடும்பம் நடத்துங்கோ என்பா. புடையன் என்றால் வேறு கதை, அதற்குத் தடி எடுப்பா.

நுளம்பு விடயத்தில் மட்டும் நான் தோற்றேன். நுளம்புக்கு என்ன வேலை என்று கேட்டபோது, தண்ணீரில் நெளியும் அதன் குஞ்சை, கூத்தம்பியை, மீன் தின்னும், பறக்கும் நுளம்பைத் தும்பியும் வௌவாலும் தின்னும், கடிப்பது பெண் நுளம்பு மட்டும், ஆண் நுளம்பு பூந்தேன் குடிக்கும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் ஒட்டவில்லை. வன்னியில் மலேரியா எப்படி ஆட்டியது என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது அண்ணா குளிர்காய்ச்சலில் நடுங்க, நாங்கள் மூன்று பேர் அவருக்கு மேல் போர்வையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறோம். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்த செய்தியைக் கேட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. எல்லா உயிருக்கும் ஒரு வேலை உண்டு என்று பிள்ளைக்குச் சொல்லலாம். ஆனால் எல்லா வேலையையும் நாங்கள் நேசிக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. அதை அவனிடம் மறைக்கவும் இல்லை.

சரி, கரடிக்கு வருகிறேன். போன வருடம் ஆனி மாதம், பாலைப்பழக் காலம். வன்னியில் அந்த ஒன்றரை மாதத்துக்குத் தனி வாசம் உண்டு. வீதியோரத்தில் பேணியால் அளந்து பாலைப்பழம் விற்பார்கள். மஞ்சள் பழம், தேன் போல இனிக்கும், பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு பேசவே விடாது. பாலைக்குப் பிறகு வீரை, முரளி என்று காடே பந்தி வைக்கும். அந்தப் பந்திக்கு முதல் விருந்தாளி கரடி. மரத்தில் ஏறிக் கொப்பை வளைத்து வளைத்துத் தின்னும். எங்கள் ஊரில் ஒரு பெரியப்பாவின் கன்னத்தில் கரடி கீறிய கோடு இன்னும் இருக்கிறது. அதனால் பாலைக்காட்டுக்குப் பெரியவர்கள் கூட்டமாகத்தான் போவார்கள், சத்தம் போட்டுக்கொண்டு போவார்கள்.

மகனைக் காட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. காட்டோரத்து வண்டிப் பாதையில், நல்ல வெயில் ஏறிய பிறகு, அவனுடைய அப்பாவும் அந்தப் பெரியப்பாவும் நானும் சேர்ந்து போனோம். பெரியப்பா ஒரு பாலை மரத்தைக் காட்டினார். அடிமரத்தில் ஆழமான கீறல்கள், சில பழையவை, சில புதியவை. கொஞ்சத் தூரம் போனதும் பாதை நடுவில் கரடியின் எச்சம் கிடந்தது. பெரியப்பா ஒரு தடியால் கிண்டிக் காட்டினார். மகன் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து பார்த்தான். உள்ளே முழுவதும் பாலை விதைகள். மண்ணிறத்தில், எண்ணெய் தடவியது போல மினுங்கிக்கொண்டு, ஒன்றுகூட உடையாமல். அவன் தடியை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணத் தொடங்கினான். நூற்றுச் சொச்சம் வந்ததும் அவனுடைய அப்பா போவோம் என்றார்.

"இந்தப் பாலை மரங்களைக் கரடி நட்டதா?"

"கனக்க மரம் அது போட்டதுதான், ராசா" என்றார் பெரியப்பா. "பாலை வளர எத்தினை வருசம் வேணும். இண்டைக்கு விழுந்த கொட்டை பெரிசாகி நிக்கேக்க நானும் இல்லை, கரடியும் இல்லை."

பாலை மெல்ல வளரும் மரம், இரும்பு போன்ற வைரம். ஒரு காலத்தில் தண்டவாளத்துக்குக் கீழே போட அதைத்தான் வெட்டினார்கள். சண்டைக்காலத்தில் பங்கருக்கு எந்த மரம் கிடைத்ததோ அதையெல்லாம் வெட்டினோம், நாங்களும்தான். வெட்டியதை எண்ணினால் நிறைய வரும். நட்டவர் என்று யாரையும் எனக்குத் தெரியாது. அன்று அந்தப் பாதையில் முதல் தடவையாக நட்டவரின் கைரேகையைப் பார்த்தது போல இருந்தது.

திரும்பி வரும்போது மகன் நீண்ட நேரம் பேசவில்லை. வாய்க்கால் கட்டில் மாடுகள் மேய்ந்தன, ஒவ்வொரு மாட்டின் காலடியிலும் ஒரு உண்ணிக்கொக்கு. மாடு கால் தூக்கி வைக்கப் புல்லிலிருந்து தத்துவெட்டி பாயும், கொக்கு கொத்தும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் சொன்னான்.

"அம்மா, கரடி வேலை செய்யேல்லை. அது சாப்பிடுது. கொக்கும் சாப்பிடுது. வண்டும் சாப்பிடுது. ஆனா வேலை நடக்குது."

ஏழு வயதுப் பிள்ளை. நான் அவனைத் தூக்கிக் கொஞ்சினேன், அவன் வெட்கப்பட்டு இறங்கி ஓடினான். அவனுக்கு வேலை என்ற சொல்லை நாங்கள்தான் கொடுத்தோம். எங்களுக்குப் பால் தருவது, எங்களுக்குக் காவல் காப்பது என்று கொடுத்தோம். எந்த உயிரும் எங்களிடம் கூலிக்கு நிற்கவில்லை, தன் வயிற்றைத்தான் பார்க்கிறது, அப்படிப் பார்ப்பதிலேயே காடு உண்டாகிறது என்று அவன் தானாகக் கண்டுகொண்டான்.

இந்தச் சித்திரையில் யானை வந்தது.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் கிளிநொச்சிக்குப் போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். கச்சான் பையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையாரைச் சுமக்க மூஞ்சூறு இருக்கிறது, அப்படியென்றால் யானைக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்றேன். யானையே வந்து நின்றது.

இரவு ஒரு மணி இருக்கும். நாய் குரைத்த விதத்திலேயே தெரிந்தது. யானை வெடி கொளுத்தி, தகரத்தில் தட்டி, அயலெல்லாம் கூடிக் கலைத்தும் அது ஆறுதலாகத்தான் போனது. விடிந்து பார்த்தால் பத்தொன்பது வாழை, நான்கு தென்னம்பிள்ளை. வாழை பெரும்பாலும் குலை தள்ளியவை. அம்மா வைத்தவை. மாரி முழுக்க அவ பாத்தி கட்டி எரு போட்டவை. அவ ஒன்றும் பேசாமல் முறிந்த தண்டுகளை இழுத்து ஒரு பக்கம் அடுக்கினா. அவவுடைய கையைப் பார்க்க எனக்கு யானையின் மேல் எந்த இரக்கமும் வரவில்லை. 2011 இல் நாடு முழுக்க எண்ணியபோது 5,879 யானைகள் என்று கணக்கு வந்தது. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று தூரத்தில் இருந்து எழுதுபவர்கள் ஒரு விடியற்காலை இப்படி ஒரு வளவில் நின்று பார்க்க வேண்டும். காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அதன் விலையை யானைக் காட்டோரத்தில் இருக்கிற ஏழைச் சனம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பது நியாயம் இல்லை.

மகன் அழுவான் என்று நினைத்தேன். அவன் வாளியோடு வந்தான். வேலி முறிந்த இடத்தில் கிடந்த லத்தி உருண்டை ஒன்றை, தன் தலையளவு பெரியது, இரண்டு கையாலும் அணைத்து வாளிக்குள் வைத்தான். யானை ஒரு நாளைக்கு 150 கிலோ அளவு தின்னும், தின்றதில் பாதிகூடச் செரிக்காது என்று முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தேன். மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறானாம். வேழம் உண்ட விளாங்கனி என்று ஒரு பழமொழி இருக்கிறது, யானை தின்ற விளாம்பழம் ஓடு உடையாமல் உள்ளே வெறுமையாய் வெளியே வருமென்று. வேழம் என்பது விளாமரத்துக்கு வரும் ஒரு நோய், யானைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. நாங்கள் பிரித்த லத்தியில் விளாங்காய் இருக்கவில்லை. தும்பும் புல்லும், புளியங்கொட்டைகளும் இருந்தன.

பிரித்ததைத் திரும்ப வாளிக்குள் போட்டு, மேலே மண் தூவி, கிணற்றடியில் வைத்தான். தினமும் தண்ணீர் ஊற்றினான். முதலில் பெயர் தெரியாத புல் வந்தது. மூன்றாவது கிழமை மண்ணைத் தள்ளிக்கொண்டு இரண்டு தடித்த பருப்பிலைகள், அவற்றுக்கு நடுவில் மடித்த சின்னப் புளியிலை. ஒன்றல்ல, நான்கு. அயலில் எல்லாப் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். யானை நட்ட புளி என்று அவனே பெயர் வைத்தான்.

சோழகம் அடித்த மாதங்களில் எங்கள் கிணறு அடிமட்டத்துக்குப் போனது. மகனுக்குப் பள்ளிக்கூடம், பிறகு காய்ச்சல், பிறகு விளையாட்டு, வாளியை மறந்துவிட்டான். கன்றுகள் செத்திருக்கும் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. மூன்று கன்று உயிரோடு, ஒரு முழம் வளர்ந்திருந்தன. வாளியைச் சுற்றி ஆடு வாய் வைக்காமல் முட்கொப்பு அடுக்கியிருந்தது. முட்கொப்பை அப்படி நெருக்கி, நுனி வெளிப்பக்கமாக அடுக்குவது அம்மா மட்டும்தான்.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது, முதல் மழை விழுந்து நிலம் இளகியிருக்கிறது. யானை உடைத்த வாழைகள் நின்ற இடத்தில் புளியை நடவேண்டும் என்று மகன் நிற்கிறான். அம்மா விடவில்லை. "வளவுக்கை புளி ஆகாது மோனை, பேய் குந்தும். படலைக்கு வெளியில வை."

"வெளியில வைச்சா யானை தின்னாதா அம்மம்மா?"

"தின்னட்டும். அதின்ட மரம்தானே."

நேற்று மாலை இரண்டு பேரும் மண்வெட்டியோடு ஒழுங்கைக்குப் போனார்கள்.